கசிவு ஓரிடம், காரணம் வேறிடம்



லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தகரக் கூரையின் குணம் நன்றாகத் தெரியும். மழை பிடித்தால் கூடத்தின் நடுவே சொட்டும். அண்ணாந்து பார்த்தால் அந்த இடத்தில் ஓட்டை இருக்காது. ஓட்டை எங்கோ மேலே, ஆணி துருப்பிடித்த இடத்தில் இருக்கும். தண்ணீர் அங்கே நுழைந்து, சட்டத்தின் வழியாக ஓடி வந்து, நம் தலைக்கு நேரே விழும். விவரம் தெரியாதவர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தாரைப் பூசிவிட்டு இறங்குவார். மறுநாள் மழையில் அதே இடத்தில் மீண்டும் சொட்டும்.

கூரைக்கு உள்ள இந்தக் குணம் வண்டிகளுக்கும் உண்டு. எண்ணெய் சொட்டும் இடம் வேறு, சொட்ட வைக்கும் காரணம் வேறு. இதை ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்து உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நான் மெக்கானிக் அல்லன். தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆனால் என் கண் முன்னே நடந்ததை, படிப்படியாக, பாடம் நடத்துவது போலச் சொல்ல முடியும். உங்கள் வீட்டு வாசலில் நிற்பது பழைய டட்சன் ஆனாலும், லோரியானாலும், இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி இருக்கிறது.

மாமாவின் பச்சைக் கார்

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் மாமனார் துரைக்குக் கார் ஓட்டியவர். அந்தத் துரை தம் சொந்த உபயோகத்துக்கு ஒரு பச்சை நிற எம்.ஜி.பி. கார் வைத்திருந்தார். 1971-ஆம் ஆண்டு வண்டி. இருவர் மட்டுமே உட்காரலாம்; கூரையை மடித்துவிடலாம். எம்.ஜி. என்பது மோரிஸ் கேரேஜஸ் என்பதன் சுருக்கம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் அபிங்டன் என்ற சிற்றூரில் இந்த ரகக் கார்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. இயந்திரம் 1,798 சி.சி. அந்தக் காலத்தில் பெரிய வேகம்.

துரை நாடு திரும்பியபோது காரைப் பெரிய கிராணி வாங்கிக்கொண்டார். சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டார். கோழி அடைகாக்கும் இடமாக அது மாறிப்போயிற்று. 1999-இல் என் மாமனாருக்கு 55 வயது நிறைந்தது. ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதிலிருந்து 4,000 வெள்ளி எடுத்து அந்தக் காரை வாங்கிவிட்டார். "நம்ம வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் வாங்க மனசு வரல, கோழிக் கூண்டு வாங்க மனசு வந்துச்சா?" என்று மாமியார் கேட்ட கேள்வி இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் வழங்கி வருகிறது.

அவர் பதில் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளில் அதை ஓட வைத்தார். பிறருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற காரில், தாமே உரிமையாளராக உட்கார்ந்து ஓட்டுவது அவருக்கு எப்படிப்பட்ட விஷயம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. தோட்டத்தில் பிறந்தவர்கள் புரிந்துகொள்வீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போவார். கோவிலுக்குப் போகும் பாதையில் ஒரு செங்குத்தான இறக்கம் உண்டு. அதன் அடிவாரத்தில் ஒரு குறுகிய பாலம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பட்டறை, இரண்டு தீர்ப்பு

2023-ஆம் ஆண்டு மழைக்காலம். சில மாதம் ஓட்டாமல் கிடந்த காரை மாமா வெளியே எடுத்தார். பின்பக்கம் எண்ணெய் சொட்டியது. ஓட்டும்போது பின்னால் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்டது.

பட்டணத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தவர் குனிந்து பார்த்தார். "பழைய இங்கிலீஷ் கார்னா ஒழுகத்தான் செய்யும். அப்பப்ப ஆயில் ஊத்தி ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்.

மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை. வேறொரு பட்டறைக்குப் போனார். அங்கே இருந்தவரும் குனிந்து பார்த்தார். "பின் அச்சு முழுசாப் போச்சு. மாத்தணும். 6,500 வெள்ளி ஆகும்" என்றார். அங்கேயே நின்றிருந்த ஒரு தரகர், "இந்த நிலைமையில 5,000 தர்றேன், குடுத்துடுங்க" என்று தொடங்கிவிட்டார்.

ஒருவர் மெத்தனமாகச் சொன்னார், மற்றவர் பெரிதாகச் சொன்னார். ஆனால் இருவரும் குனிந்து பார்த்த நேரம் ஒன்றுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. மாமா வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, வித்துடலாம்னு இருக்கேன். எனக்கும் வயசு எழுபத்தொன்பது ஆச்சு" என்றார். அந்தக் குரலில் கார் மட்டும் இல்லை.

அப்போது எனக்கு என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். அவனுக்கு வயது பத்தொன்பது. தோட்டத்து டிராக்டர் பட்டறையில் எடுபிடி. எஸ்.பி.எம். எழுதினான், தேர்ச்சி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்கிறவர். "கிரீஸ் துடைச்சு என்னத்தக் காணப் போறே? சிங்கப்பூருக்குப் பஸ் ஏறு" என்று அந்த அம்மாள் அவனைத் தினமும் விரட்டிக்கொண்டிருந்தார். நாலாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தபோது அவனுக்குக் கட்டுரை எழுத வராது. ஆனால் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் ஏன் காலையில் மட்டும் சீறுகிறது என்று கேட்டவன் அவன் ஒருவன்தான்.

அவனை அழைத்து வந்தேன். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான். கீழே குனியவில்லை. "தாத்தா, ஒரு வாரம் குடுங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் வித்துடாதீங்க" என்றான்.

டிபரன்ஷியல் என்றால் என்ன?

அவன் செய்ததைச் சொல்லுமுன், இந்த உறுப்பைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டு வண்டியில் இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியே சுழலும். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடும், உட்சக்கரம் குறைவாக ஓடும், சண்டை இல்லை. காரில் நிலைமை வேறு. இயந்திரம் சக்கரங்களைச் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் பூட்டினால் திருப்பத்தில் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு வரும்.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் காரின் பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 1.25 மீட்டர். ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பினால் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 7.85 மீட்டர் அதிகம் ஓடியிருக்கும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இதே வித்தியாசம்தான். வீட்டில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பற்சக்கரக் கூட்டுதான் டிபரன்ஷியல். பின் அச்சின் நடுவே பலாப்பழம் போலப் புடைத்திருக்கிறதே, அதுதான். இயந்திரத்திலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்ற சிறு பற்சக்கரம். அது கிரௌன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்றும். இந்தக் காரில் பினியனுக்கு 11 பல், கிரௌன் வீலுக்கு 43 பல். ஆகவே தண்டு ஏறக்குறைய நான்கு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. கிரௌன் வீலோடு சேர்ந்த சிறு பற்கள், இரண்டு பக்கமும் போகும் அரைத் தண்டுகளுக்குச் சுழற்சியைத் தேவைக்கேற்பப் பங்கிட்டுக் கொடுக்கும்.

இந்தப் பற்கள் ஒன்றையொன்று அழுத்துவதோடு வழுக்கியும் செல்லும். சாதாரண எண்ணெய் அந்த நெருக்கத்தில் தாங்காது. கந்தகம் கலந்த கெட்டியான கியர் எண்ணெய் வேண்டும். கடையில் ஹைப்பாய்ட் 90 என்று கேட்டு வாங்குவார்கள். கந்தகம் இருப்பதால் அதற்கு ஒரு தனி நாற்றம் உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். இந்தக் காரின் அச்சுக்குள் பிடிப்பதோ ஒன்றரை பைண்ட், அதாவது சுமார் 0.85 லிட்டர்தான். இவ்வளவு குறைவாக இருப்பதால் சொட்டுச் சொட்டாகப் போனாலும் சில மாதங்களில் பற்கள் வறண்டுவிடும்.

முதல் கேள்வி: என்ன சொட்டுகிறது?

முதல் நாள் மாலை அவன் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்துக் காரின் பின்பாகத்துக்கு அடியில் விரித்தான். நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் தரையில் கோடு போட்டுக்கொண்டான். மறுநாள் காலை அட்டையை வெளியே இழுத்தான். இரண்டு கறைகள் இருந்தன. டிபரன்ஷியலின் முன்வாய்க்கு நேர் கீழே ஒரு சிறிய கறை. இடது பின்சக்கரத்தின் உட்பக்கம் ஒரு பெரிய கறை.

உடனே ஸ்பானரை எடுப்பான் என்று நினைத்தேன். அவன் எடுக்கவில்லை. "சார், மொதல்ல இது என்ன எண்ணெய்னு பாக்கணும்" என்றான்.

வாசகர்களே, இந்தக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் காரின் பின்பக்கத்தில் சொட்டக்கூடியவை பல. டிபரன்ஷியல் எண்ணெய் ஒன்று. பிரேக் எண்ணெய் ஒன்று. இந்த ரகத்தில் பின் அதிர்வுதாங்கியும் எண்ணெய் நிறைந்த நெம்புகோல் வகை; அதுவும் வயதானால் ஒழுகி அச்சின் மேல் வடியும். பெட்ரோல் தொட்டியும் பின்னால்தான். போதாததற்கு, இயந்திரத்தின் அடியில் கசியும் எண்ணெயைக் காற்று பின்னோக்கி அடித்து, டிபரன்ஷியல் மேல் பூசிவிடும். அழுக்காக இருக்கிறது என்பதற்காக டிபரன்ஷியல் குற்றவாளி ஆகிவிடாது.

அவன் ஒவ்வொரு கறையையும் விரலில் தொட்டு முகர்ந்தான். கந்தக நாற்றம் வந்தால் டிபரன்ஷியல். இந்தக் காரின் கியர் பெட்டிக்கு இயந்திர எண்ணெயையே ஊற்றுவார்கள். ஆகவே அதில் அந்த நாற்றம் வராது. அடுத்து ஒரு கோப்பையில் தண்ணீர் கேட்டான். ஒரு சொட்டை அதில் விட்டான். பிரேக் எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும். கியர் எண்ணெய் மேலே மிதக்கும். சக்கரத்துக் கறை மிதந்தது, நாறவும் செய்தது. இரண்டு கறையும் டிபரன்ஷியல் எண்ணெய்தான் என்று உறுதியாயிற்று.

இது வெறும் பரிசோதனை அல்ல. சக்கரத்தின் உட்பக்கம் பிரேக் எண்ணெய் கசிந்திருந்தால் பிரேக் மிதியே ஒருநாள் உள்ளே போய்விடும். கியர் எண்ணெய் கசிந்தாலும் ஆபத்து வேறு விதமாக வரும். பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் நுழைந்து, கட்டையில் ஊறி, அந்தச் சக்கரம் பிடிக்காமல் வழுக்கும். "ஆயில் ஊத்தி ஓட்டுங்க" என்று முதல் பட்டறையில் சொன்ன யோசனையின்படி மாமா ஓட்டியிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோவில் இறக்கத்தில், என் மகள் பக்கத்தில் இருக்கும்போது, இடது பின்பிரேக் இல்லாமல் இறங்கியிருப்பார். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இரண்டாவது கேள்வி: எங்கிருந்து, எப்போது?

அடுத்து அவன் காரை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்குக் கீழே இரண்டு இரும்புத் தாங்கிகளை வைத்தான். செங்கல்லை அடுக்கிவிட்டுக் காருக்கு அடியில் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். செங்கல் சொல்லிக்கொண்டு உடையாது. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவும் கூடாது. தாங்கி இல்லை என்றால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம்.

மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு அச்சு முழுவதையும் தேய்த்துக் கழுவினான். துடைத்துக் காய வைத்தான். பிறகு என்னிடம் வந்து, "சார், ஸ்கூல்ல பழைய சாக்பீஸ் இருக்கா?" என்று கேட்டான். எங்கள் வகுப்புகளில் இப்போது வெள்ளைப் பலகை வந்துவிட்டது. பழைய சுண்ணக்கட்டிகள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் பொடித்து, காய்ந்த அச்சின் மேலும் சக்கரங்களின் உட்பக்கத்திலும் தூவிவிட்டான். வெள்ளையின் மேல் எண்ணெய் வந்தால் எந்த இடத்தில் பிறக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

மாமா மெதுவாகத் தோட்டத்துப் பாதையில் 6 கிலோமீட்டர் ஓட்டி வந்தார். மீண்டும் தூக்கிப் பார்த்தோம். வெள்ளை அப்படியே இருந்தது. எங்கும் ஈரமில்லை. பிறகு 20 கிலோமீட்டர் ஓட்டி வந்தார். இப்போது பினியன் வாயில் ஒரு கறுப்பு வளையம். இடது சக்கரத்தின் பின்தட்டில் ஒரு கோடு.

பையன் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்: "சார், குளிர்ச்சியா இருக்கும்போது ரெண்டுமே ஒழுகல. சூடானதும் ரெண்டும் ஒண்ணா ஒழுகுது. ரெண்டு சீலும் ஒரே நாள்ல கெட்டுப் போகுமா?"

என்னைக் கேட்டால், அந்த ஒரு கேள்விக்கு 6,500 வெள்ளி தகும்.

சூடு சற்றுத் தணிந்ததும், பின்பக்கம் எண்ணெய் ஊற்றும் மூடியை மெதுவாகத் திருகினான். "புஸ்" என்று காற்று வெளியேறியது. உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது!

அச்சுக்குள் எண்ணெய் பாதிதான். மீதி இடம் காற்று. ஓட ஓட அது சூடாகும். 30 டிகிரியில் அடைத்த காற்று 80 டிகிரிக்குச் சூடானால் அதன் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். அந்தக் காற்று வெளியேற வழி வேண்டும். அதற்காகவே அச்சுக் குழாயின் மேல் சின்னஞ்சிறு மூச்சுத் துளை ஒன்று உண்டு. பிரீதர் என்பார்கள். அது அடைபட்டால் காற்று எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் எந்தச் சீல் இளைத்திருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும்.

அவன் அந்த மூச்சுத் துளையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். உள்ளே மண். சாலை மண் அல்ல. குழைத்துப் பூசிய மண். கொட்டகையில் நின்ற மாதங்களில் ஒரு குளவி அதில் கூடு கட்டியிருக்கிறது! மெல்லிய கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் அலசி, வாயால் ஊதிப் பார்த்தான். காற்று தாராளமாகப் போயிற்று. அதற்கு ஆன செலவு ஒரு காசுகூட இல்லை.

மூன்றாவது கேள்வி: என்ன சேதம் ஆகியிருக்கிறது?

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவன் துள்ளிக் குதிக்கவில்லை. மறுபடி கழுவி, மறுபடி சுண்ணப்பொடி தூவி, மறுபடி 20 கிலோமீட்டர். பினியன் வாய் இப்போது காய்ந்திருந்தது. இடது சக்கரத்தில் மட்டும் மெல்லிய ஈரம். அந்தச் சீலின் உதடு வயதாகிக் கெட்டிப்பட்டிருந்தது. அதை மாற்றியே ஆகவேண்டும்.

பிறகு பழைய எண்ணெயை இறக்கினான். இதில் ஒரு சிறு சூட்சுமம் சொன்னான், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை இறக்கும் அடிமூடியைக் கழற்றுவதற்கு முன், ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கிவிட்ட பிறகு ஊற்றும் மூடி இறுகிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இறங்கிய எண்ணெயில் ஒரு காந்தத்தை ஓட்டினான். சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாக ஒட்டியது. அது வயதான பற்களின் இயல்பான தேய்மானம். செதில் செதிலாக இரும்பு வந்தாலோ, உடைந்த துண்டு வந்தாலோதான் பற்கள் கெட்டதாக அர்த்தம். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் நுழைந்ததாக அர்த்தம். இரண்டும் இல்லை. ஆனால் அளவு மிகக் குறைந்திருந்தது. அந்த ஊளைச் சத்தம் வறட்சியின் சத்தம். அச்சு போகவில்லை, தாகத்தில் இருந்தது.

இடது டிரம்மைத் திறந்தபோது பிரேக் கட்டை எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. மாமா, "பெட்ரோல்ல கழுவிப் போட்டுக்கலாமாப்பா?" என்று கேட்டார். பையன் தலையசைத்து மறுத்தான். ஊறிய கட்டையைக் கழுவினால் மேலே சுத்தமாகத் தெரியும்; பிரேக் சூடானதும் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் தவறு. ஒரு சக்கரம் பிடித்து மறு சக்கரம் விட்டால் வண்டி இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சீலும் கட்டைகளும் இங்கிலாந்திலிருந்து தபாலில் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவன் காரை ஓட்ட விடவில்லை. சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தக் காலத்து ஆங்கிலக் காருக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் சரிவராது. அங்குல அளவு வேண்டும். அதைத் தோட்டத்துப் பழைய கருவிப் பெட்டியில் தேடி எடுத்தான். சீல், கட்டை, புது எண்ணெய் எல்லாம் சேர்த்து 340 வெள்ளி. சமதரையில் காரை நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிரப்பினான். அதற்கு மேல் நிரப்பினாலும் அதுவே கசிவுக்குக் காரணமாகும் என்றான்.

பினியன் சீலை அவன் தொடவில்லை. "அந்த நட்டு சீலை மட்டும் பிடிக்கல சார், உள்ள இருக்கிற பேரிங்கோட இறுக்கத்தையும் அதுதான் பிடிச்சிருக்கு. காஞ்சு கிடக்கிறதைக் கழட்டுறது புத்தி இல்ல" என்றான். செய்யத் தெரிவதைவிட, எதைச் செய்யக்கூடாது என்று தெரிவது பெரிய படிப்பு அல்லவா?

உங்கள் வண்டிக்கு

பழைய டட்சன் 120வை, பழைய வேன், லோரி முதலியவை பின்சக்கரத்தால் ஓடுபவை. அவற்றுக்கு நான் சொன்ன முறை அப்படியே பொருந்தும். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா முன்சக்கரத்தால் ஓடுவது. அதில் டிபரன்ஷியல் முன்னால், கியர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே சாகாவின் பின்பக்கம் ஏதாவது சொட்டினால் டிபரன்ஷியலைச் சந்தேகிக்காதீர்கள். பின்சக்கரத்தருகே ஈரம் என்றால் பிரேக்கை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்குப் போகுமுன் ஓர் இரவு அட்டையை விரித்து வையுங்கள். மறுநாள் அதையும் கையோடு கொண்டுபோங்கள். எங்கே சொட்டுகிறது, சூடான பிறகா குளிர்ச்சியிலா, என்ன நாற்றம் என்று மூன்று செய்தி சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு கேட்பார். கேட்க மறுத்து, "முழுசா மாத்தணும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்பவரிடம் காரை விட்டுவராதீர்கள். இறக்கிய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். எண்ணெய் மாற்றும் பட்டறைகளில் கொடுத்துவிடலாம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் பதறாமல் இருப்பது வேறு, பாராமல் இருப்பது வேறு.

இன்னொரு செய்தியும் உண்டு. பிரேக்கைச் சோதித்து முடித்த அன்று மாமா அந்தப் பையனின் தாயைத் தேடி லயத்துக்குப் போனார். நானும் உடன் போயிருந்தேன். உரச் சாக்கை மடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் பதறி எழுந்தார். பையன் ஏதோ உடைத்துவிட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "தாயி, நாப்பது வருஷம் கார் ஓட்டுனவன் சொல்றேன். உன் மகன் காது கொடுத்துக் கேட்கிறவன். இவனைப் படிக்க வை" என்றார். அந்த அம்மாள் மகனின் கறுத்த கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிங்கப்பூர் பஸ் பற்றி அன்று பேச்சு வரவில்லை.

விண்ணப்பப் பாரத்தை நானும் அவனுமாக உட்கார்ந்து நிரப்பினோம். 2024-இல் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் வாகனப் பிரிவில் சேர்ந்தான்.

தோட்டத்துப் பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் பரீட்சைத் தாளில் மதிப்பெண் வாங்காத பிள்ளை இருக்கலாம். அவனை ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, "இவன் முழுசாப் போயிட்டான்" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் ஊரில் நிறையப் பேர். அவன் எதைப் பார்க்கிறான், எதைக் கேட்கிறான், எந்த வேலையில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளை கெட்டிருக்காது. மூச்சுவிடும் துளை எங்கோ அடைபட்டிருக்கும்.